எட்டு ஓட்டைக்கு இரண்டு வீட்டுப் போல்ட்டு

அண்ணன் கொண்டுவந்த சீரை நான் நாற்றத் தொட்டியில் போட்டேன் என்று எங்கள் ஜனத்தில் ஒரு பேச்சு உண்டு. போட்டது உண்மைதான். ஏன் போட்டாய் என்று என்னைக் கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. கல்யாண வீடாகட்டும், எழவு வீடாகட்டும், நாலு பெண்கள் கூடினால் யாராவது ஒருத்தி அந்தப் பேச்சை எடுப்பாள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையைப் பார்ப்பார்கள். நான் பெற்றதுகளே பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கின்றன. அதனால் முழுவதையும் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். எனக்கு எழுத மெதுவாகத்தான் வரும். அவசரமும் இல்லை.

சீர்த் தட்டில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டு இல்லை, வெண்கலம் இல்லை. போல்ட்டும் நட்டும். குழாயோடு குழாயைச் சேர்த்து முடுக்குகிற போல்ட்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அதனால் என் மகள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் பூமி கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. நெல்லும் கடலையும் விளையும். அந்தக் காலத்தில் நெல்லை அவித்து அரைக்க அடுத்தவன் மில் வாசலில் வண்டியை அவிழ்த்துப்போட்டுக் கிடக்கவேண்டும். நம் நெல் உள்ளே போய் யாருடைய அரிசியாக வெளியே வருகிறது என்று தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மில்லின் பாய்லரையும் குழாய்களையும் வாங்கிவந்து எங்கள் களத்து மேட்டிலேயே கொட்டகை போட்டோம். போட்டோம் என்றால், நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் செய்தார். அவர் நல்ல உழவர், நல்ல மனிதர். பேச்சு மட்டும் கிடையாது. எங்கள் எருதுகூட அவரைவிட இரண்டு வார்த்தை அதிகம் பேசும்.

மில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். நெல்லை முதலில் பின்பக்கத் தொட்டியில் ஊறப்போடுவோம். ஊறின நெல்லுக்கு ஒரு புளித்த நாற்றம் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பிறகு அதை இரும்பு அண்டாவில் கொட்டி, பாய்லரிலிருந்து வரும் ஆவியை உள்ளே விடவேண்டும். நெல் வாய் பிளந்ததும் பெண்கள் கூடையில் வாரிக் களத்துக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார்கள். ஆவி வரும் குழாய் கொட்டகை வாசலை ஒட்டி, அந்தப் பெண்களின் தலைக்கு ஒரு முழம் மேலேதான் போகிறது. ஒரே நீளமாகக் குழாய் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் தோசைக்கல் கனத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். பிளேஞ்ச் என்பார்கள். இரண்டு தகட்டையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் பேக்கிங் வளையம் கொடுத்து, சுற்றிலும் எட்டு ஓட்டையில் எட்டு போல்ட்டுப் போட்டு முடுக்குவது. எட்டும் ஒன்றுபோல் இறுகி நின்றால் ஆவி உள்ளே நிற்கும். ஒன்று தளர்ந்தாலும் அந்த இடத்தில் வெளியே வரும். எங்கே வரும்? கூடை தூக்குகிறவள் தலையில் வரும்.

குழாயோடு வந்த பழைய போல்ட்டெல்லாம் துரு தின்று கிடந்தன. பிட்டர் ஒருவர் கொச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை, மனசு நிறைய அகம்பாவம். உலகத்தில் அவர் ஒருவர்தான் குழாய் பூட்டத் தெரிந்தவர் என்று நினைப்பு. காலையில் பதினோரு மணிக்குக் கஞ்சி வராவிட்டால் ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவார். அவர், கோயமுத்தூரில் அடித்த நல்ல இரும்பு போல்ட்டு வேண்டும், எல்லாம் ஒரே ஜாதியாக இருக்கவேண்டும் என்று சொன்னார். சரி என்று ஆளனுப்பினேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். எனக்கு ஒரே அண்ணன். அப்பா போனபிறகு பிறந்த வீடு என்றால் அவர்தான். வெல்லம் ஏற்றிக்கொண்டு கொச்சிவரைக்கும் போய்வருகிறவர். பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன், போல்ட்டெல்லாம் துருவாகக் கிடக்கிறதுங்கண்ணா என்று. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பாய்லரை மேடையில் ஏற்றிப் பூஜை போட்ட அன்றைக்கு, பிறந்த வீட்டுச் சீர் என்று மேளத்தோடு வந்து இறங்கினார். தேங்காய், பழம், வெல்லம், என் வீட்டுக்காரருக்கு வேட்டி, எனக்குச் சேலை. கடைசித் தட்டின் மேல் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. அதை அண்ணியார் கையில் கொடுக்காமல் அவரே தூக்கிவந்தார்.

"தொறந்து பாரம்மிணி" என்றார்.

துணியை எடுத்தேன். வெள்ளிபோல் மின்னிற்று. ஒவ்வொன்றும் பெருவிரல் கனம். இன்றைக்கு எவர்சில்வர் என்று என் மருமகள் அலமாரி முழுக்க அடுக்கிவைத்திருக்கிறாளே, அந்தப் பொருள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது.

"கப்பலு சாமானம்மிணி. ஏலத்துல புடிச்சேன். உப்புத் தண்ணியில போட்டாலும் துரு புடிக்காதாமா. உன்ற பேரன் காலத்துக்கும் இப்பிடியேதான் இருக்கும்."

கூட்டமே அந்தத் தட்டைச் சுற்றி நின்றது. தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர். எனக்கும் பெருமைதான். எந்த அண்ணன் தங்கை சொன்ன ஒரு வார்த்தையை அப்படிக் காதில் வாங்கி, கொச்சித் துறைமுகத்தில் தேடிப்பிடித்து வருவான்? அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பிட்டர் ஒன்றை எடுத்து நட்டை முடுக்கிப் பார்த்தார். பாதி வழியில் கப்பென்று பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அம்மா, இது ஆவிக் குழாய்க்குப் பற்றில்ல" என்றார். சரிப்படாது என்பதற்கு அவர் பேச்சு அது.

"பற்றாம என்ன? இரும்பைவிட ஒசத்தின்னு சொல்றாங்களே."

"ஒசத்திதான். துருவுக்கு ஒசத்தி. சூட்டுக்கு இல்ல. சூடு ஏறினா இது இரும்பைவிட அதிகம் நீளும். தகடு அவ்வளவு நீளாது. அப்போ பிடி விட்டுப்போகும். போதாததுக்கு இதுல எந்த அடையாளமும் இல்ல, எத்தனை பாரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. பின்னால தண்ணித் தொட்டிக் குழாய்க்குப் போடுங்க. அங்கதான் துரு. அங்க சூடும் இல்ல, அமுக்கமும் இல்ல. எண்ணெய் தடவிப் பூட்டினா உங்க காலத்துக்கும் இளகாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஊறல் தொட்டிக் குழாய் எந்நேரமும் புளித்த தண்ணீரில் நனைந்து கிடப்பது. இரும்பு போல்ட்டு அங்கே ஒரு வருஷம் தாங்காது. ஆவிக் குழாய் சூட்டில் காய்ந்து கிடப்பது. அங்கே துருவைவிடப் பிடிதான் முக்கியம். எந்தப் பொருளுக்கு எந்த வேலை என்று பார்த்துத்தானே கொடுக்கவேண்டும்? அண்ணன் கொடுத்ததை நான் வீணாக்கவில்லை. அது நீண்டகாலம் நிற்கக்கூடிய இடத்தில் வைத்தேன். ஆவிக் குழாய்க்குக் கோயமுத்தூர் இரும்பு.

முதல் முறை நெல் அவிப்பதைப் பார்க்க அண்ணன் வந்தார். வாசலில் நுழைந்ததும் தலையை நிமிர்த்திக் குழாயைப் பார்த்தார். கறுப்பு போல்ட்டு.

"என்ற சீரு எங்கம்மிணி?"

"பொறவால தொட்டிக்குப் போட்டிருக்குதுங்கண்ணா. அங்கதான் துருத் தொந்தரவு."

பின்பக்கம் போனார். போய்ப் பார்த்துவிட்டு மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பி வந்தார். பிட்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவர் பார்த்தது ஒன்றுதான். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் வாசல் குழாயில் கடையில் வாங்கினது. நாற்றத் தொட்டியில் பிறந்த வீட்டுச் சீர்.

நான் செம்பில் மோர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. வண்டியைப் பூட்டச் சொன்னார்.

பிறகுதான் சொல்லி அனுப்பினார். என் மகளுக்குத் தை மாசத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமன் வந்து நிற்காமல் எங்களில் தாலி ஏறாது. மாமன் சீர் செய்து, மாமன் கை பிடித்துக் கொடுத்துத்தான் பெண் மணையில் உட்காரவேண்டும். அண்ணன் சொல்லி அனுப்பியது இது: என் சீர் ஆவிக் குழாயில் ஏறினால் நான் மணவறைக்கு வருவேன். தொட்டியிலேயே கிடந்தால், அந்தத் தொட்டியையே மாமனாக நிற்கச் சொல்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்ற அண்ணன். உன்ற மில்லு" என்றார். அதோடு சரி.

பிள்ளை வீட்டாருக்கு விஷயம் போய்விட்டது. மாமன் வருவாரா மாட்டாரா என்று ஆள்விட்டு விசாரித்தார்கள். என் மகள் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பெரியவர்களைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். பூமித் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் அவர்தான் தீர்ப்பார். அவரும் இரண்டு வீட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் மூன்று பேரும் எங்கள் களத்தில் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் தனியாகக் கயிற்றுக் கட்டிலில். நான் கொட்டகைத் தூணோரம் நின்றேன்.

பெரியப்பா கேட்டார்: "ஏனம்மிணி, பொறந்த ஊட்டுச் சீர எந்தப் பொம்பளையாவது சாக்கடையில போடுவாளா?"

"சாக்கடை இல்லீங்க பெரியப்பா, நெல்லு ஊறுற தொட்டி. நீங்க திங்கற சோறு அதுல ஊறுனதுதானுங்க."

"பேச்சப் பாரு."

"பேச்சு இல்லீங்க. நீங்கெல்லாம் வண்டி வெச்சிருக்கிறவிங்க. சக்கரத்துக்குப் பட்டை போடறப்ப ஆசாரி என்ன பண்றாரு? காய்ச்சித்தானுங்களே போடறாரு? காஞ்சா இரும்பு நீளும், ஆறுனா சுருங்கும். இது அந்த இரும்பைவிட எச்சா நீளுதுங்க. காஞ்சா குழாய்ல பிடி விட்டுப்போகும். அடியில பொம்பளைங்க நிக்கறாங்க."

நான் சொன்னதில் புரியாதது என்ன இருக்கிறது? நாலு பேர் வீட்டிலும் வண்டி இருந்தது. நாலு பேரும் பட்டை காய்ச்சுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள்.  பெரியப்பாவோ, "வண்டி வேற, மில்லு வேறம்மிணி" என்றார்.

அப்புறம் கூடிக் கூடிப் பேசினார்கள். காப்பி குடித்தார்கள். கடைசியில் பெரியப்பா தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார். ஒரு தகட்டில் எட்டு ஓட்டை. நாலு ஓட்டைக்குப் பிறந்த வீட்டு போல்ட்டு, நாலு ஓட்டைக்குப் புகுந்த வீட்டு போல்ட்டு. வாசலைப் பார்த்த பாதியில் வெள்ளை, சுவரைப் பார்த்த பாதியில் கறுப்பு. யாருக்கும் மனக்குறை வேண்டாம்.

ஆகா என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அண்ணனும் ஆட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தென்னந்தோப்பைப் பாகம் பிரிக்கிறதுபோலக் குழாயைப் பிரித்திருக்கிறார்கள். எட்டுமே வெள்ளையாக இருந்தாலாவது சுற்றிலும் ஒன்றுபோல் தளரும். ஒரு பாதி பிடித்துக்கொண்டு நிற்க மறுபாதி கைவிட்டால் வளையம் ஒரு பக்கமாக வாயைத் திறக்காமல் என்ன செய்யும்? அதுவும் எந்தப் பக்கம்? பெண்கள் நிற்கிற பக்கம். பிட்டரிடம் தீர்ப்பைச் சொன்னபோது அவர் ஸ்பானரை எடுத்துச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். கஞ்சிக் கலயத்தோடு பின்னால் போய்த்தான் நிறுத்தினேன்.

நான் தீர்ப்பை ஒப்புக்கொண்டேன். மகள் கல்யாணம். ஆனால் பெரியவர்களிடம் ஒன்று சொன்னேன். தீர்ப்புப்படியே நாலுக்கு நாலு பூட்டுவோம். பாய்லரைக் காய்ச்சி ஆவி ஏற்றுவோம். அந்த நேரத்தில் களத்துப் பெண்கள் ஒருத்தியும் உள்ளே வரமாட்டாள். தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நிற்கவேண்டும். ஆவியின் அமுக்கத்தைக் காட்டுகிற கேஜ் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே எப்போதும் நிற்கிற இடம்வரை ஏறி, ஒன்றும் ஆகாமல் இருந்தால், அண்ணன் சொன்னதுதான் சட்டம். நான் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.

"என்னம்மிணி இது, பெரியவங்கள வேகப் போட்டுப் பாக்கறியா?" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னவிங்க நீங்கதானுங்களே."

வெளியே கூடையோடு நின்ற களத்துக் கிழவி ஒருத்தி, "வந்து நில்லுங்க சாமி. கூடையும் தாறோம், சும்மாட்டுக்குத் துணியும் தாறோம்" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குறித்த நாளில் பாய்லர் காய்ந்தது. பிட்டர் எண்ணெய் தடவி, நாலு வெள்ளை, நாலு கறுப்பு, ஒவ்வொன்றையும் எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி முறைப்படிதான் முடுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடுக்கி முடித்ததும் ஸ்பானரை என் கையிலேயே கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. இதை நான் முக்கியமாக எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வேறு கதை சொன்னார்கள்.

பெரியவர்களை உள்ளே வரச் சொன்னேன். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு ராகுகாலம். ஒருவர் கன்றுக்குட்டி அவிழ்ந்துபோயிற்று என்று எழுந்துபோனார். பெரியப்பா, தான் நடுவராகையால் தூரத்தில் நின்று பார்ப்பதுதான் முறை என்றார். வாய்க்கால் தகராறில் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர் அவர்.

அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக வந்து குழாய்க்கு அடியில் நின்றார். அவர் அப்படி வருவார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டும். எங்கள் அப்பாவுக்கும் அதே ரத்தம்.

நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீ அக்கட்டால போம்மிணி."

"நானும் அந்த ஊட்டுல பொறந்தவதானுங்கண்ணா."

"அடம்."

"ஆரு கிட்டக் கத்துக்கிட்டேனாமா?"

அவர் மீசை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். பிட்டர் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். குழாய் டக் டக்கென்று சத்தம் போட்டுச் சூடேறியது. கேஜ் முள் மெல்ல எழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சொட்டு வந்தது. அப்புறம் சாரைப்பாம்பு சீறுகிறமாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். முள் பாதிகூட ஏறவில்லை. வெள்ளை போல்ட்டு இருந்த பாதியில், எங்களைப் பார்த்த பாதியில், வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கத்தி முனைபோல ஆவி பாய்ந்தது. நான் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போதே அவர் முழங்கையில் பட்டுவிட்டது. பிட்டர் வால்வை அடைத்தார். சுவர்ப் பக்கத்துக் கறுப்பு நாலும் நனையக்கூட இல்லை.

வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்து அண்ணன் கையில் ஊற்றினேன். தோல் சிவந்து கொப்புளமாக எழும்பியது.  கூடை தூக்குகிறவளாக இருந்தால் முகத்தில் பட்டிருக்கும். 

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கண்ணால் கண்டபிறகு என்ன பேச்சு? பெரியவர்கள் தூரத்திலிருந்து ஓடிவந்தார்கள். இப்போது முழங்கால் வலி யாருக்கும் இல்லை. பிட்டர் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் வெள்ளை நட்டுகளைத் தொட்டுக் காட்டினார். விரலாலேயே திரும்பின. கறுப்பு நட்டைத் திருப்பிக் காட்டினார். அசையவில்லை.

பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"அதுதான். இந்தப் பக்கம் முறுக்கவே இல்ல" என்றார். "பிட்டரு மேல தப்பு."

"அதானே பாத்தேன்" என்றார் கன்றுக்குட்டி பிடிக்கப் போனவர்.

பிட்டர் மலையாளத்தில் என்னவோ சொன்னார். அதை நான் எழுதமாட்டேன். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தன் கையிலேயே பட்டுக்கொண்டவர். அவராவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே, "பிட்டரு சரியாப் பூட்டியிருந்தா ஆயிருக்காது" என்றார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. தெரியாமல் சொல்கிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம். கை வெந்தும் ஒப்பாதவனை எப்படிப் பொறுப்பது? நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் கத்துவதில்லை.

"அண்ணா, கல்யாணத்துக்கு வந்தா வாங்க. வராட்டி உங்க இஷ்டம். என்ற மில்லுல களத்துப் பொம்பளைங்க நிக்கற எடத்துல உங்க சீரு நிக்காது. அது தொட்டியிலதான் இருக்கும்" என்றேன்.

மூலையில் நின்ற என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மச்சான் வராட்டி அவிய சித்தப்பன் மவன் நிக்கட்டும். அவனும் மாமன் மொறைதான். நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறேன்." சொன்னவர் அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். எருது பேசினால்கூட நான் அவ்வளவு அதிசயப்பட்டிருக்கமாட்டேன்.

அன்றைக்கே வெள்ளை நாலையும் கழற்றி எட்டும் இரும்பாகப் பூட்டினோம். மறுநாள் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பேச்சும் அன்றிலிருந்துதான் கிளம்பியது. பிறந்த வீட்டுச் சீரைத் தொட்டியில் போட்டவள், அண்ணன் கையை வேகவைத்தவள், மாமனை மாற்றினவள். அண்ணியார் ஊர் ஊராகச் சொன்னார். பிள்ளை வீட்டுப் பெண்கள் என் மகளிடமே கேட்டார்கள். குழாய்க்கு அடியில் நிற்கிற பெண்களைப் பற்றி அவர்களில் ஒருத்தி கேட்டாளா? அவர்களும் பெண்கள்தான், இவர்களும் பெண்கள்தான்.

தை மாசம் வந்தது. சித்தப்பா மகன் புது வேட்டியோடு முதல்நாளே வந்துவிட்டார். மாலை மங்கும் நேரத்தில் கிழக்குப் பாதையில் மேளச் சத்தம் கேட்டது. அண்ணன். வண்டி வண்டியாகச் சீர். தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? என் மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள்மேல் அவருக்கு உயிர். அதில் பொய் கிடையாது.

தங்கையை மன்னித்துவிட்டார் என்று பந்தல் முழுக்கப் பேசினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று பெரியப்பா நாலு பேரிடம் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமன் சீர் முடியவேண்டும், தாலி ஏறவேண்டும். அதுவரைக்கும் இந்த வாய் திறக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணன் கை பிடித்து மகளை மணையில் உட்காரவைத்தார். தாலி ஏறிற்று. அரிசி தூவும்போது அவர் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

"ஏம்மிணி, அந்தக் குழாயில இப்ப எல்லாமே இரும்புதானா?"

"எல்லாமே இரும்புங்கண்ணா."

"பொம்பளைங்க அடியில நிக்கறாங்களா?"

"நிக்கறாங்க."

தலையை ஆட்டினார். எனக்கு ஒரு நொடி மனசு இளகிவிட்டது. கேட்டாரே, அது போதும் என்று நினைத்தேன். அதற்குள் பெரியப்பா நடுவில் வந்து, "மில்லு எப்பிடி ஓடுது?" என்று உரக்கக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குமுன் அண்ணன் முந்திக்கொண்டு, பந்தலில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "அந்தப் பிட்டர மாத்திப்போட்டாளாமா. இப்ப நல்லாத்தான் ஓடுதாமா."

நான் நிமிர்ந்தேன். தாலி ஏறியாகிவிட்டது.

"பிட்டரு அவருதானுங்கண்ணா" என்றேன். "அதா, ரெண்டாவது பந்தியில, வடை ரெண்டு வாங்கி வெச்சுட்டு உக்காந்திருக்காரு. அவரு முறுக்குனது முறுக்குனபடியே இருக்குது. நாங்க மாத்துனது உங்க போல்ட்டத்தானுங்க."

 பிட்டர் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பெரியப்பா கையை வீச, மேளக்காரர்கள் கெட்டிமேளம் அடிக்க ஆரம்பித்தார்கள்.